வாசிக்கும் மாணவர், தொடாதீர்கள்

அவனைக் கல்லூரியில் எல்லோரும் 'அட்டவணை' என்றுதான் கூப்பிடுவார்கள். படிப்பதற்கு அவன் போடும் அட்டவணைகளின் மகிமை அப்படி. அளவுகோல் வைத்துக் கோடு, ஐந்து நிறத்தில் பேனா. காலை ஐந்து மணிக்கு எழுவதிலிருந்து இரவு பத்து மணிக்குப் 'படித்ததை அசைபோடுதல்' வரை ஒரு நிமிடம் சிந்தாது, சிதறாது. இப்படி ஒன்றைப் போட்டு முடிக்க நான்கு நாள் ஆகும். அதற்குள் அதிலிருக்கும் முதல் மூன்று நாள் கடந்து போயிருக்கும். பழைய தேதியை வைத்துக்கொண்டு தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ள அவனுக்கு மனம் வராது. புதிதாக இன்னொன்று போட உட்கார்ந்துவிடுவான்.

இந்த முறையைக் கைக்கொண்டு புள்ளியியல் தாளை இரண்டு தடவை எழுதியிருந்தான். முதல் தடவை பதினெட்டு மதிப்பெண், இரண்டாம் தடவை பதினாறு. மூன்றாவது தடவையும் கோட்டை விட்டால் கல்லூரிப் பதிவேட்டிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். அது விதி. தேர்வுக்கு இன்னும் எட்டே நாள்.

அவனுக்கு வீட்டில் அக்கா மட்டும்தான். கிளினிக் ஒன்றில் டோக்கன் எண்களைக் கூப்பிடும் வேலை அவளுக்கு. நாளெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டு வீட்டிலும் அதே குரல் நிலைத்துவிட்டது.

"என்னடா பண்ணிட்டிருக்கே?"

"படிக்கறதுக்கு ரெடியாகறேன்க்கா."

"கல்யாணப் பொண்ணுகூட இவ்வளவு நேரம் ரெடியாக மாட்டா."

"திட்டம் இல்லாம படிச்சா மண்டையில ஏறாதுக்கா."

"சரி, திட்டமாவது ஏறிச்சா?"

அவன் பச்சைப் பேனாவின் மூடியைக் கழற்றினான். அக்கா விளக்கை அணைத்துவிட்டுப் போனாள்.

ஊரெல்லாம் புகழும் திறமை வீட்டில் எடுபடாது என்பது தெரிந்ததுதானே. கல்லூரி முதல்வர் அவன் அட்டவணை ஒன்றைத் துறை அறிவிப்புப் பலகையில் பார்த்துவிட்டு உருகிப்போனார். அவனை அங்கேயே பிடித்து 'வாசிப்புப் பழக்க மேம்பாட்டுக் குழு'வின் செயலாளர் ஆக்கினார். மாணவர்களை எப்படி வாசிக்க வைப்பது என்று ஆலோசிக்க அந்தக் குழு தினமும் நான்கு மணி முதல் ஆறு மணி வரை நூலகத்தில் கூடும். கூட்டத்துக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்பதால் அந்த நேரத்தில் வாசிக்க வந்தவர்களை வெளியே அனுப்பிவிடுவார்கள்.

ஒரு மாத ஆலோசனைக்குப் பிறகு, தேர்வுக்கு முந்தைய வாரத்தை 'வாசிப்பு வாரம்' ஆக்கி நூலகத்தில் கண்காட்சி வைப்பது என்று முடிவானது. பக்கத்துப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் வருவார்கள். கடைசி நாள் பல்கலைக்கழகத்திலிருந்து பெரியவர் ஒருவர் வந்து பேசுவார். வாசலில் நுழைந்ததும் கண்ணில் படும்படி ஒரு மேசை, நாற்காலி, அதில் ஒரு மாணவன் வாசித்துக்கொண்டிருப்பதுபோல் ஒரு பொம்மை. இது முதல்வரின் சொந்த யோசனை.

துணிக்கடையிலிருந்து வந்த பொம்மைக்கு உட்காரத் தெரியவில்லை. சாய்த்து வைத்தால் விறைத்துக்கொண்டு சரிந்தது. கையில் புத்தகத்தைச் சொருகினால் கை கழன்று புத்தகத்தோடு கீழே விழுந்தது. நூலகர் அம்மா மூன்றாவது முறையாகக் கையைப் பொறுக்கி எடுத்தபோது முதல்வரின் பார்வை செயலாளர்மேல் நிலைத்தது.

"தம்பி, உனக்கு உட்காரத் தெரியும்ல?"

"தெரியும் சார்."

"அப்புறம் என்ன? உட்காரு."

"சார், எனக்குப் பரீட்சை வருது. படிக்கணும்."

"ஒரு வாரம் வாசிக்கற மாதிரி இருப்பா. அப்புறம் போய்ப் படி."

கையில் கொடுக்கும் புத்தகம் வாசலிலிருந்து பார்த்தாலும் தடிமனாகத் தெரிய வேண்டும், அட்டை கசங்காமல் இருக்க வேண்டும் என்றார் முதல்வர். இதுவரை ஒருவர்கூட எடுத்துப் போகாத புத்தகம் ஒன்றுதான் நூலகர் அம்மாவிடம் அப்படி இருந்தது. அறுநூறு பக்கம். புள்ளியியல்.

சுற்றிலும் கயிறு கட்டினார்கள். முன்னால் ஒரு பலகை: 'வாசிக்கும் மாணவர். தொடாதீர்கள்.' காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை பணி. செல்போன் நூலகர் அம்மாவின் இழுப்பறையில். கொட்டாவி கூடாது.

முதல் நாள் அவன் ஒரு முறையைக் கண்டுபிடித்தான். இரண்டு நிமிடத்துக்கு ஒரு பக்கம் திருப்புவது, நடுநடுவே புருவத்தைச் சுருக்கித் தலையாட்டுவது. வந்தவர்கள் எல்லாம் மெய்மறந்து பார்த்தார்கள். ஓர் ஆசிரியை, "பாருங்க, இப்படித்தான் இருக்கணும்" என்று தன் வகுப்புக்குக் காட்டினாள். பதினொன்றரை மணிக்கு முன்பல் இரண்டு இல்லாத ஒரு சிறுமி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெகுநேரம் நின்றாள்.

"மிஸ், இந்த அண்ணன் பொய்."

"அப்படியெல்லாம் சொல்லக் கூடாது."

"கண்ணு அசையவே இல்ல மிஸ். படிச்சா கண்ணு இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் போகும்ல?"

நாற்பது பிள்ளைகள் கயிற்றின்மேல் சாய்ந்து அவன் கண்ணையே பார்த்தார்கள். வேறு வழியில்லை. முதல் வரியின் ஆரம்பத்திலிருந்து முடிவுவரை கண்ணை நகர்த்தினான். அடுத்த வரி. அதற்கடுத்தது. கண்ணை வெறுமனே நகர்த்தத்தான் நினைத்தான். ஆனால் வழியெல்லாம் சொற்கள் கிடந்தன. மிதிக்காமல் தாண்ட முடியவில்லை.

'சராசரி மட்டும் தெரிந்தால் போதாது' என்றது ஒரு வரி. ஏன் போதாது என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. கேள்வி என்ற ஒன்று தன் மண்டையில் தானாக முளைத்ததில் அவன் கொஞ்சம் பயந்துபோனான். பதிலுக்காக அடுத்த பக்கத்தைத் திருப்பினான்.

இரண்டாம் நாளும் அந்தச் சிறுமியைப்போல் யாராவது வந்துவிடுவார்களோ என்ற பயத்திலேயே வாசித்தான். மூன்றாம் நாள் திட்ட விலக்கம் என்ற கணக்கில் மாட்டிக்கொண்டான். மனக்கணக்காகப் போட்டுப் பார்த்தான். நான்கு தடவைக்கு நான்கு விடை வந்தது.

"மேடம், ஒரு பென்சில் கிடைக்குமா?"

நூலகர் அம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள். "நீ காட்சிப் பொருள்ப்பா. பேசக் கூடாது."

"பேசல மேடம். கணக்கு ஒண்ணு போடணும்."

"இங்கேயா? நூலகத்துலயா?" என்றாள். பிறகு தன் கொண்டையில் சொருகியிருந்த பென்சிலை எடுத்துக் கயிற்றுக்கு மேலாக நீட்டினாள்.

நான்காம், ஐந்தாம் நாள்கள் எப்படிப் போயின என்று அவனுக்கே தெரியவில்லை. கடைசி நாளான சனிக்கிழமை பல்கலைக்கழகப் பெரியவர் வந்தார். கயிற்றுக்கு இப்பால் நின்று, வாசிப்பின் இன்றியமையாமை பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். முடித்துவிட்டு அவன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, என்ன வாசிக்கறீங்க?"

"ஒரு நிமிஷம் சார். இன்னும் ரெண்டே வரி."

பெரியவர் கைகட்டி நின்றார். முதல்வருக்கு வியர்த்தது. இரண்டு வரி ஏழு வரியாக நீண்டது. விடை சரியாக வந்த மகிழ்ச்சியில் அவன் நிமிர்ந்தபோது பெரியவர் தேநீர் குடிக்கப் போயிருந்தார்.

மாலையில் அவன் கையில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். வாசிப்பு விழாவில் சிறப்பு விருந்தினர் உரையாற்றும்போது கவனிக்காமல் வாசித்துக்கொண்டிருந்த குற்றத்துக்காக அவன் செயலாளர் பொறுப்பிலிருந்து நீக்கப்படுகிறான். நூலகர் அம்மா மட்டும் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "புத்தகத்தை எடுத்துட்டுப் போறியா? பரீட்சை முடிஞ்சதும் குடு" என்றாள்.

இன்னும் இரண்டு பாடம் பாக்கி. ஞாயிறு ஒரே நாள். காலையில் வீட்டு மேசையில் புத்தகத்தை விரித்தான். எதிரில் சுவர். சுவர் அவனைப் பார்க்கவில்லை. கண் அசையவில்லை. அரை மணி நேரத்தில் அவன் கை தன்னையறியாமல் அளவுகோலைத் தேடி எடுத்து வெள்ளைத்தாளில் ஒரு கோடு போட்டிருந்தது. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அக்கா அதைப் பார்த்துவிட்டாள்.

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா?"

"யாராவது பாத்துட்டே இருந்தாத்தான்க்கா ஓடுது. நீ கொஞ்சம் உக்காந்து பாரேன்."

"உன்னைப் பாத்துட்டு உக்காந்தா டோக்கன யார் கூப்பிடறது?" செருப்பை மாட்டிக்கொண்டே யோசித்தாள். "கிளம்பு. அங்க முப்பது பேர் பாக்கறதுக்கு ஒண்ணுமில்லாம சும்மா உக்காந்திருக்காங்க."

கிளினிக்கின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அவனை உட்காரவைத்தாள். அக்கா சொன்னதில் பொய்யில்லை. இருமலும் முழங்கால் வலியுமாகக் காத்திருந்த முப்பது பேரும் வேறு போக்கிடம் இல்லாமல் அவனையே பார்த்தார்கள்.

"தம்பி, பக்கம் திருப்பி ரொம்ப நேரமாச்சே?" என்றார் முழங்கால் வலிக்காரர்.

"புரியலையோ என்னவோ, பாவம்" என்றாள் பக்கத்து இருமல் அம்மாள்.

"புரியலேன்னா திரும்பப் படிக்கட்டும். நமக்கென்ன அவசரம்? டாக்டரே இன்னும் வரல."

அவன் திரும்பப் படித்தான். "பதினேழு!" என்று அக்கா கத்தியபோது கணக்கில் பதினேழை எழுதி, அடித்து, மறுபடி போட்டான். மாலையில் கடைசிப் பாடமான நிகழ்தகவுக்கு வந்துவிட்டான். முழங்கால் வலிக்காரர் உள்ளே போய் மருந்துச் சீட்டோடு வெளியே வந்த பிறகும் கடைசிக் கணக்கு முடியும்வரை நின்றுவிட்டுத்தான் போனார்.

மறுநாள் தேர்வு அறை. நாற்பது பேர். மேற்பார்வைக்கு வந்தவர் பருமனான விரிவுரையாளர். முதல் அரைமணி நேரம் அவர் அவன் மேசைக்குப் பக்கத்திலேயே நின்றார். அவன் இரண்டு கணக்கை மளமளவென்று முடித்தான். மூன்றாவதில் பாதி வந்தபோது அவர் காற்று வாங்க ஜன்னல் பக்கம் நகர்ந்தார். அறை முழுவதும் ஒரு நிம்மதிப் பெருமூச்சு. பின்வரிசையில் துண்டுச்சீட்டுகள் சலசலத்தன.

அவன் பேனா நின்றுவிட்டது. கண் நின்றுவிட்டது. தாளின் ஓரத்தில் தன் கை கட்டம் கட்டமாக ஓர் அட்டவணை வரையத் தொடங்குவதைப் பார்த்தான். எழுந்து நின்றான்.

"சார்!"

"என்னப்பா? கூடுதல் தாள் வேணுமா?"

"வேணாம் சார். நீங்க இங்க வந்து நிக்கணும்."

"எதுக்கு?"

"என்னையே பாத்துட்டு நில்லுங்க சார். கண்ணை எடுக்காதீங்க."

முப்பத்தொன்பது பேர் திரும்பி அவனைப் பார்த்தார்கள். கல்லூரி வரலாற்றில் ஒரு மாணவனை அத்தனை பேர் அத்தனை வெறியோடு பார்த்ததில்லை. மேற்பார்வையாளருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இதில் ஏதோ தந்திரம் இருக்கிறது என்று முடிவுகட்டி, நாற்காலியை இழுத்து அவன் எதிரிலேயே போட்டு உட்கார்ந்தார். மீதி இரண்டரை மணி நேரமும் இமைக்காமல் பார்த்தார். அவ்வப்போது அவனிடமிருந்து கண்ணை எடுக்காமலே எழுந்து அறையையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின்வரிசையில் ஒரு துண்டுச்சீட்டும் வெளியே வரவில்லை.

அட்டவணைக்கு நாற்பத்தாறு மதிப்பெண். தேர்ச்சி. அந்த அறையில் தேறியவன் அவன் ஒருவன்தான். மற்றவர்கள் இன்றுவரை அவனோடு பேசுவதில்லை. எதிரில் வந்தால் முறைத்துப் பார்க்கிறார்கள். அவர்கள் பார்த்தால் உடனே அவன் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துவிடுகிறான்.