மூன்றாவது போல்ட்

அம்மாவின் முகத்தில் பூச வாங்கிவைத்த பவுடர் டின்னைக் காணவில்லை. மலர்ச்சாலைக்காரர்கள் அம்மாவின் சவப்பெட்டியைக் கூடத்தில் வைத்துவிட்டுப் போனதிலிருந்து பிலோமினா மாமி அதைத்தான் தேடிக்கொண்டிருந்தாள்.

"முகம் கறுத்துக் கிடக்கு. கொஞ்சம் பூசிவிட்டா நல்லாயிருக்கும். யாருகா எடுத்த?"

யார் எடுத்திருப்பார் என்று நிலானிக்குத் தெரியும். குடையை விரித்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள்.

பழைய ஒஸ்ரின் கார் மழையில் நின்றது. அதன் பின் இருக்கையில் அப்பா மல்லாந்து கிடந்தார். உள்கூரைத் துணியைக் கழற்றித் தொங்கவிட்டு, வெறும் தகரத்தில் பவுடரை ஒற்றிக்கொண்டிருந்தார். தண்ணீர் ஓடிவரும் வழி பவுடரில் கோடாக விழும், அதைப் பிடித்துக்கொண்டே போனால் ஓட்டையைக் கண்டுபிடிக்கலாம். முன் இருக்கையில் அம்பிளிபயர் இருந்தது. அதன்மேல் போட்டிருந்த துவாயில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

அப்பா ஜெயராஜாவின் கார் என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கூரையில் நான்கு போல்ட் போட்டு லவுட்ஸ்பீக்கர் பூட்டிய கார். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் ஒழுங்கை ஒழுங்கையாகப் போய் அறிவித்துவிட்டு வருவார்.

"அப்பா, அந்த டின்னத் தாங்க. மாமி தேடுறா."

"இரு புள்ள, கோடு விழுகுது."

"அம்மாட பக்கத்தில வந்து கொஞ்ச நேரம் இருங்களன். ஆக்கள் கேக்கிறாங்க."

"தண்ணி அம்பிளிபயருக்குள்ள போச்செண்டா எல்லாம் முடிஞ்சுது. பிறகு நான் எதக் கொண்டு போய்ச் சொல்ற?"

"ஸ்பீக்கர் பூட்டின றிஸான்ட ஆட்டோவக் கூப்பிடலாம் எண்டுதானே சொல்றாங்க."

அப்பா தலையைத் தூக்கிப் பார்த்தார். பவுடர் விழுந்து கண்களும் சிவந்திருந்தன.

"என்ட பொஞ்சாதி செத்தத இன்னொருத்தன் சொல்றதா?"

நாளை காலையில் அடக்கம். சொந்தக்காரருக்கெல்லாம் போனில் சொல்லியாகிவிட்டது. ஆனால் கல்லடியிலிருந்து ஆரையம்பதி வரைக்கும் அம்மா சட்டை தைத்துக்கொடுத்த பெண்களின் நம்பர் எந்தப் போனிலும் இல்லை. இன்றைக்குக் கார் போகாவிட்டால் அவர்கள் வரமாட்டார்கள்.

அம்மாவைவிட இவருக்குக் கார்தான் பெரிது என்று நிலானி நினைத்தாள். அப்படி நினைத்ததும் அவளுக்கே அலுத்துப்போனது. இரண்டு மாதம் ஆஸ்பத்திரிக் கதிரையில் உறங்கியவள். கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

"ஆ, பிடிச்சிட்டன்" என்றார் அப்பா. "மூணாவது போல்ட். நான் அதுக்குச் சிலிக்கன் அடிச்சு எத்தின வருசம்! பிறகு ஒரு சொட்டு விழல்லயே. இந்த மாரிக்கு மட்டும் என்ன வந்த?"

என்ன வந்தது என்று நிலானிக்குத் தெரியும்.

அந்தச் சிலிக்கன் முதல் வருடமே உரிந்துபோனது. நவம்பரில், சகல ஆத்துமாக்கள் தினத்தில் சேமக்காலைக்குப் போய்க் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்தும்போது, அம்மா உருகி வழிந்த மெழுகை லேஞ்சியில் பொதிந்துகொண்டு வருவாள். அப்பா மத்தியானம் உறங்கும் நேரம் பார்த்து, ஸ்டூலில் ஏறி அந்த போல்டைச் சுற்றி அமத்திவிடுவாள். மாரி முடியுமட்டும் தாங்கும். "சொல்லிப்போடாத. தான் அடைச்சதெண்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியிறார், பாவம்" என்பாள். இந்த வருடம் அந்த நாளில் அம்மா வார்ட்டில் கிடந்தாள். மருந்துக்கும் பரிசோதனைக்கும் ஓடிய ஓட்டத்தில் நிலானி மெழுகை மறந்துபோனாள்.

அப்பா மெல்ல இறங்கி டின்னை அவள் கையில் கொடுத்தார்.

"ஈரத் தகரத்தில சிலிக்கன் ஒட்டாது. நான் சட்டை மாத்திக்கொண்டு வாறன். மழை விட்டா பாப்பம்."

குரலில் நம்பிக்கையே இல்லை. முதுகு வளைந்து, வீட்டின் பின்பக்கமாகப் போனார்.

நிலானி டின்னை இடுப்பில் செருகிக்கொண்டு கூடத்துக்குள் வந்தாள். அம்மாவின் தலைமாட்டில் இரண்டு மெழுகுதிரிகள் எரிந்தன. தட்டில் வழிந்து கிடந்த மெழுகை விரல்களால் வழித்தெடுத்தாள். சுட்டது.

"என்ன புள்ள செய்ற?"

"சிந்திக் கிடக்கு மாமி. துடைக்கிறன்."

ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினாள். மழை தூறலாகியிருந்தது. மூன்றாவது போல்டைச் சுற்றிப் பழைய மெழுகு வெடித்து, அழுக்கேறி ஒட்டியிருந்தது. அதைச் சுரண்ட மனம் வரவில்லை. தாவணியால் ஈரத்தை ஒற்றிவிட்டு, சூடு ஆறுமுன் புதிய மெழுகை அதன்மேல் வைத்துப் பெருவிரலால் அமத்தினாள். போன மாரிக்கும் அம்மா இதே ஸ்டூலில்தான் ஏறி நின்றிருப்பாள். அம்மா இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஈரக் கூரையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு இறங்கி ஸ்டூலைச் சுவரோரம் வைத்தாள்.

அப்பா வெள்ளைச் சட்டையோடு வந்து காருக்குள் ஏறினார். கையை உயர்த்தித் தகரத்தைத் தடவிப் பார்த்தார். கொஞ்ச நேரம் காத்திருந்து மறுபடியும் தடவினார். துவாயை எடுத்துவிட்டு அம்பிளிபயரைப் போட்டார். "கலோ, கலோ" என்றார். ஸ்பீக்கர் துலக்கமாகக் கேட்டது.

"ஒழுக்கு நிண்டிட்டு" என்றார். "பழைய சிலிக்கன்தான். ஈரத்துக்கு ஊதி அடைச்சிருக்கும்."

"ஓம் அப்பா."

காரை ஸ்டார்ட் செய்தார். கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடியே சொன்னார்.

"சுடுதண்ணில கையக் கழுவு புள்ள. நகத்துக்குள்ள போன மெழுகு லேசில வராது. உங்கம்மா மார்கழியில நத்தார்ப் பூசைக்கும் அதோடதான் வருவா."

அவள் ஏதாவது சொல்வதற்குள் கார் படலையைத் தாண்டிவிட்டது. ஒழுங்கை முடக்கில் குரல் தொடங்கியது. ஜெயராஜாவின் அன்பு மனைவி மார்கிறட் நேற்றுக் காலமானார் என்று, வேறு யாரோ ஒருவருடைய மனைவியின் சாவைச் சொல்வதுபோல, பிசிறில்லாமல் சொன்னார். குரல் வாவிக்கரைப் பக்கமாகப் போய்த் தேய்ந்தது.

நிலானி உள்ளே போனாள். மாமி டின்னுக்குக் கை நீட்டினாள். நிலானி கொடுக்கவில்லை, தானே திறந்தாள். பவுடர் அடியில் கொஞ்சம்தான் மிஞ்சியிருந்தது.

அம்மாவின் முகத்துக்கு அது காணும்.