பதினெட்டாவது மீட்டர்

பீன்யா தொழிற்பேட்டையில் அந்தக் கல் பரிசோதனைக் கூடத்தில் லாவண்யா சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. பூமியைத் துளைத்து எடுத்த கல் உருளைகள் நீளப் பெட்டிகளில் லாரியேறி வரும். எந்த ஆழத்தில் என்ன கல் என்று பார்த்து எழுதுவது அவள் வேலை. குனிந்து குனிந்தே இடுப்பு போய்விட்டது.

அன்று வந்தவை கலபுரகிப் பக்கம் ஒரு ஊரில் கட்டப்போகும் குடிநீர்த் தொட்டிக்கான பெட்டிகள். அத்தனையும் சாம்பல்நிறச் சுண்ணாம்புக்கல். சிப்பியும் நண்டும் பிறப்பதற்கு முந்தைய கடலில் சேறு படிந்து படிந்து இறுகிய கல். நகத்தின் கனத்துக்கு ஒரு வரி. அது சேர எத்தனை காலம் ஆனதோ! வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை நினைத்தாலே உடம்பு சிலிர்க்கும். இப்போது, இன்னும் எத்தனை பெட்டி என்றுதான் மனசு கேட்டது.

ஆறாவது பெட்டியில் பதினெட்டு மீட்டரிலிருந்து பத்தொன்பதரை வரை கல்லே இல்லை. துளை போட்டவர்கள் கல் கிடைக்காததற்கு அடையாளமாக அந்த இடத்தில் ஒரு மரக்கட்டையை வைத்திருந்தார்கள்.

மேனேஜர் ராஜேந்திரன் எட்டிப் பார்த்தார். "மிஷின்ல நொறுங்கியிருக்கும். 'உடைந்த பகுதி'ன்னு போட்டு முடிங்க. சாயங்காலம் ரிப்போர்ட் போகணும்."

"நொறுங்கியிருந்தா பக்கத்துக் கல்லோட முனை கூரா இருக்கும் சார். இதைத் தொட்டுப் பாருங்க."

முனை வழவழவென்று இருந்தது. மேலே செம்மண் பூச்சு. மண்ணில் இறங்கும்போது லேசாய்ப் புளிப்பேறிய மழைத்தண்ணீர் விரிசலில் நுழைந்து, மெல்ல மெல்லக் கல்லைக் கரைத்திருந்தது. உள்ளே இருந்தது குகை.

"லட்சம் வருஷமா கரைஞ்ச கல்லு, இந்த வாரமா இடியப்போவுது?"

"இத்தனை நாளா அது மேல ஒண்ணும் இல்ல சார். இப்ப அஞ்சு லட்சம் லிட்டர் தண்ணி ஏத்தப்போறாங்க."

அவர் முகம் இறுகியது. "ஃபைலை சுனில்கிட்ட குடுத்துடுங்க. அவர் எழுதுவார்."

பக்கத்து மேஜையில் சுனில் தலையைக் குனிந்துகொண்டான்.

கொடுத்துவிட்டால் ஐந்தரை பஸ்ஸைப் பிடித்துவிடலாம். சண்டை போட அவளிடம் தெம்பில்லை. ஃபைலைத் தூக்கவும் செய்தாள். பிறகு கீழே வைத்துவிட்டு, வெற்றிடத்தையும் வழவழத்த முனைகளையும் போனில் படமெடுத்து, பெட்டியில் ஒட்டியிருந்த எண்ணுக்கு அனுப்பினாள். அது தொட்டி கட்டும் தரப்பின் இன்ஜினியர் மமதாவின் எண்.

பத்து நிமிஷத்தில் போன் வந்தது. மமதா கன்னடத்தில் கேட்டாள்: "எவ்வளவு பெரிசு?"

"உயரம் ஒன்றரை மீட்டர். அகலம் தெரியாது மேடம்."

"யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். நான் நிறுத்தச் சொல்கிறேன்."

ராஜேந்திரன் இரண்டு வாரம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தொட்டிக்கு ஊரின் மறுபுறம் வேறு இடம் பார்த்தார்கள். அங்கே நாலு துளை போட்டு, நாற்பத்திரண்டு பெட்டிகள் லாரியில் வந்து இறங்கின.

"உன்னாலதான் அக்கா இவ்ளோ வேலை," என்றான் சுனில்.

"தெரியும்," என்றாள் லாவண்யா. "நீ அந்தக் கோடியிலேர்ந்து ஆரம்பி."

மூன்று துளைகளில் கல் முழுசாக இருந்தது. நாலாவதை எழுதி முடிப்பதற்குள் சனிக்கிழமையும் போய்விட்டது. அதிலும் ஓட்டை இல்லை.