ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் திருட்டுத்தனத்தில் பிறந்தது. என் பிள்ளையின் பள்ளியில் விடுமுறைக்கு வெட்டி ஒட்டும் பயிற்சித் தாள்கள் கொடுத்தார்கள். பிஞ்சு விரல்களுக்குப் பலம் வரவேண்டுமாம். கடைசி நாள்வரை பிள்ளை ஒன்றையும் தொடவில்லை. நானே உட்கார்ந்து அத்தனையையும் வெட்டி ஒட்டிப் பிள்ளையின் பெயரில் அனுப்பினேன். நட்சத்திரம் ஒட்டித் திரும்பி வந்தது. டீச்சருக்கு நிஜமாகவே தெரியவில்லையா, தெரிந்தும் விட்டுவிட்டாரா? அந்த அரிப்பு தாங்காமல்தான், யாரையும் நம்பாத ஒரு டீச்சரை உருவாக்கினேன்.

2

முதல் தொடக்கம்: 'காலை வெயில் ஜன்னல் வழியாக வகுப்பறைக்குள்…' வேண்டாம். எந்தக் கதையைத் திறந்தாலும் இந்த வெயில் வந்து தொலைக்கிறது.

இரண்டாவது: 'டீச்சர் கண்டிப்பானவர்தான், ஆனால் உள்ளுக்குள்…' உள்ளுக்குள் என்ன இருக்கிறதென்று எனக்கே தெரியாது. அடித்துவிட்டேன்.

மூன்றாவது: டீச்சர் காகித மீனின் வாலை ஜன்னலோரம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

இது இருக்கட்டும். அந்த மீனை ஒட்டியிருந்தவள் வாண்டு. விடுமுறைக்கு ஒரு வாரம் முன்புதான் மழலையர் வகுப்பில் சேர்ந்தவள். மொத்தம் இருபது தாள்கள். அவற்றைப் பார்த்துத்தான், அவள் ஒன்றாம் வகுப்புக்குப் போகலாமா, இன்னொரு வருடம் இங்கேயே இருக்கவேண்டுமா என்று டீச்சர் எழுதித் தரவேண்டும்.

மீன் கச்சிதம். அடுத்த தாளில் குடை கந்தல். அதற்கடுத்த பேருந்து கச்சிதம். அதற்கடுத்த பூ கந்தல். கடைசிவரை இப்படியே, ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம்.

(குழந்தைகள் பெரும்பாலும் கத்தரிக்கோலை ஒவ்வொரு வெட்டுக்கும் முழுசாக மூடிவிடுவார்கள். அதனால் ஓரத்தில் சின்னச் சின்னப் பற்கள் விழும். பெரியவர்கள் முழுசாக மூடாமல் ஒரே ஓட்டமாகப் போவோம். நட்சத்திரம் கிடைத்த பிறகுதான் இதைப் படித்தேன். அன்றைக்குத் தூக்கம் போயிற்று.)

குடையின் ஓரமெல்லாம் பற்கள். மீனில் ஒன்றுகூட இல்லை. யாரோ பெரியவர் பாதி வேலையைச் செய்திருக்கிறார், மீதியைச் செய்யப் பொறுமையில்லை. டீச்சர் முடிவுகட்டிவிட்டார்.

3

டீச்சர் வாண்டைக் கூப்பிட்டுக் கத்தரிக்கோலை நீட்டினார்.

"ஒரு வட்டம் வெட்டு, பாக்கலாம்."

"மாட்டேன். அப்பாகூடத்தான் வெட்டுவேன்."

போதாதா? டீச்சர் உடனே அம்மாவை வரச்சொன்னார்.

"பாதி நீங்க வெட்டினதா, அவரு வெட்டினதா?"

"நான் தொடவே இல்ல டீச்சர். அவளும் அவங்கப்பாவும்தான் ஒக்காந்து செஞ்சாங்க." அம்மா கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"அப்போ நல்லா இருக்கறதெல்லாம் அப்பா வேலை."

"இல்ல டீச்சர். நல்லா இருக்கறது அவளோடது."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. "அஞ்சு வயசுப் பொண்ணு மீன் வெட்டுவா, வளந்த மனுஷன் குடையைக் கடிச்சுத் துப்புவாராம்மா?"

அம்மா கைப்பையைத் திறந்து மூடினாள். எழுதுகிற எனக்கே அவள்மேல் சந்தேகம் வந்தது, அவள் என் பேச்சைக் கேட்காமல் எதையோ மறைத்தாள்.

(டீச்சரை வில்லியாக்கிவிடாதீர்கள். போன வருடம் இப்படித்தான் அழகான தாள்களை நம்பி ஒரு குழந்தையை மேலே அனுப்பினார். அது பென்சில் பிடிக்க முடியாமல் தினமும் அழுதது. யாரோ என்னைப் போன்ற ஒருவரின் கைங்கரியம். எனக்கு வெட்கமாக இருக்கிறது.)

4

மறுநாள் மூவரும் வந்தார்கள். அப்பா லிஃப்ட் பழுதுபார்ப்பவர். பழுதுபார்த்தவர் என்று எழுதவேண்டும். ஆறு மாதத்துக்கு முன் பக்கவாதம். வலக்கை விரல்கள் உள்ளே மடங்கியிருந்தன.

"பயிற்சி குடுக்கறவர் என்னையும் இதேதான் செய்யச் சொல்றாரு டீச்சர். வெட்டணும், ஒட்டணும். இவ சொன்னா, ஒண்ணு எனக்கு, ஒண்ணு ஒனக்குன்னு. என் கையைப் பத்தி யார்கிட்டயும் சொல்லாதேன்னு இவ அம்மாகிட்ட நான்தான் சொல்லியிருந்தேன்."

அப்படியானால் கந்தல் குடை அவருடையது. அவருடைய வெட்டுகளை வாண்டுடையவை என்று டீச்சர் நினைத்ததால், அவளுக்கு ஒரு வருடம் போகவிருந்தது.

இங்கே கதையை முடித்திருந்தால் நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போயிருப்பீர்கள். அதனால்தான் எனக்கு இது பிடிக்கவில்லை. இவ்வளவு இனிப்பாக ஒரு விஷயம் வந்தால் நான் பொட்டலத்தைத் திருப்பிப் பார்க்கிற ஆள். அவருக்கு இடது கைதான் நன்றாக இருக்கிறதே, மீனை அதால் வெட்டியிருந்தால்? அம்மாவுக்கு இரண்டு கையும் இருக்கிறதே? டீச்சரும் அதையேதான் யோசித்தார்.

5

முடிவு ஒன்று: டீச்சர் மன்னிப்புக் கேட்டு, வாண்டின் பெயரை ஒன்றாம் வகுப்புப் பட்டியலில் எழுதுகிறார். (போன வருடத்துக் குழந்தை?)

முடிவு இரண்டு: நம்பாமல், இன்னொரு வருடம் இருக்கட்டும் என்கிறார். (எழுதிப் பார்த்தேன். கை வரவில்லை.)

முடிவு மூன்று: அந்த மனிதரிடம் கத்தரிக்கோலைக் கொடுத்து, வெட்டிக்காட்டச் சொல்கிறார். இதை எழுதும் துணிச்சல் எனக்கு இல்லை. டீச்சருக்கும் வாய் வரவில்லை. வாண்டின் அப்பாவே கேட்டுவிட்டார்.

"எது என்னோடதுன்னு தெரியணும், அவ்வளவுதானே? குடுங்க டீச்சர், வெட்டிக் காட்டறேன்."

குழந்தைகள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்கால்கள் மேசையில் இடித்தன. டீச்சர் தன் பெரிய கத்தரிக்கோலை மேசையில் வைத்தார். அப்பா வலக்கையால் எடுக்கப் பார்த்தார், நழுவியது. மறுபடியும் நழுவியது. அம்மா தலையைத் திருப்பிக்கொண்டாள்.

வாண்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள். "அவசரப்படாதேப்பா." மடங்கிய கட்டைவிரலை மெல்ல நிமிர்த்தி ஒரு வளையத்துக்குள் விட்டாள். பிறகு நடுவிரல். நழுவிய மோதிரவிரலை இரண்டு விரலால் பிடித்து, வலிக்காமல், அதன் இடத்தில் வைத்தாள்.

அவர் இன்னும் ஒரு வெட்டுகூட வெட்டவில்லை. டீச்சர் காகிதத்தைப் பார்க்கவுமில்லை, அந்தச் சின்ன விரல்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பட்டியலில் வாண்டின் பெயருக்கு எதிரே கட்டம் காலியாக இருக்கிறது. நான் பேனாவை மூடிவிட்டேன், நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்.