முன்னால் போகிறவன்

"கல்லு!" என்று கத்தினேன். பின்னால் வந்த லோகன் அண்ணையின் சைக்கிள் ஒரு முழம் விலகியது. "இடப்பக்கம் சேறு!" என்றேன். வலப்பக்கம் ஒதுங்கினார். நவம்பர் மாத ஞாயிறு, காலை பத்து மணி, வோக்கிங்கைத் தாண்டிய கால்வாய்க்கரை. தூறல் விட்டபாடில்லை. சேர்ந்து சைக்கிள் ஓடுகிறவர்களிடம் இந்தப் பழக்கம் உண்டு. பின்னால் வருகிறவனுக்கு முன்னவனின் முதுகுதான் தெரியும் என்பதால், பாதையில் கிடப்பதையெல்லாம் முன்னால் போகிறவன் சொல்லிக்கொண்டே போக வேண்டும். வெள்ளைக்காரர்கள் பெரும்பாலும் விரலால் காட்டுவார்கள். நாங்கள் வாயால்தான்.

நாங்கள் இருவரும் லண்டனில் மோர்டன்காரர்கள். லோகன் அண்ணைக்கு ஐம்பத்து நாலு வயது, இருபத்து மூன்று வருடமாக பஸ் ஓட்டுகிறார். எனக்குக் கவுன்சிலில் மேசை வேலை, அவரைவிட ஒன்பது வயது குறைவு. ஞாயிற்றுக்கிழமைகளில் தார் ரோட்டை விட்டு, சரளைக்கல்லும் மண்ணுமான பாதைகளாகத் தேடி ஓடுவது ஆறு வருடப் பைத்தியம். அதற்கென்றே தடித்த டயர் பூட்டிய கிராவல் சைக்கிள்கள் வைத்திருக்கிறோம். எங்கள் இறுக்கமான கால்சட்டைகளைக் காணும்போதெல்லாம் அவர் மனைவி மங்கை அக்கா, "சேர்க்கஸ் எங்கை இண்டைக்கு?" என்று கேட்பார். வழி வரைவது அண்ணையின் வேலை. எந்தக் கால்வாய்க்கரையில் ஏறி, எந்தத் தரவையைக் கடந்து, எந்த ஸ்டேஷனில் முடிப்பது என்று கோடு கிழித்து சனிக்கிழமையே போனுக்கு அனுப்பிவிடுவார். ஹெதர் செடி படர்ந்த அந்தப் பொட்டல் வெளிகளை அவர் தரவை என்றுதான் சொல்வார். வழி வரைந்தவர் முன்னால், நான் பின்னால். ஐந்து வருடம் அப்படித்தான் போனது.

இந்த வசந்தத்தில் ஒருநாள், "நீ முன்னுக்குப் போ, எனக்கு மூச்சு வாங்குது" என்றார். மூச்சாவது வாங்குவதாவது. ஏற்றத்தில் பின்னால் இருந்து ஊர்க்கதை முழுவதும் சொல்லிக்கொண்டு வருகிற மனிதர். எனக்கு முன்னால் போகக் கிடைத்ததே பெரிய புளுகம், அந்தச் சந்தோசத்தில் ஏன் என்று கேட்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. தேநீர்க்கடை வாசலில் படுத்திருந்த நாயின் வாலை மிதித்தார். இன்னொரு ஞாயிறு, உட்காரப் போட்டிருந்த பதிந்த வாங்கில் முழங்காலை இடித்துக்கொண்டார். ஸ்டேஷனில் படிகள் முடிந்த பிறகும் காலால் இன்னொரு படி தேடினார். அவர் காணாததெல்லாம் கீழே இருப்பவை. தூரத்து மரத்தில் இருக்கும் மீன்கொத்தியை இன்றைக்கும் எனக்கு முதல் அவர்தான் காண்பார். வீட்டில் இருந்து இணையத்தைக் கிண்டினேன். பார்வையின் ஓரத்தை மட்டும் மெல்ல மெல்லத் தின்கிற கண் வருத்தம் ஒன்று இருக்கிறதாம். சுவரில் மாட்டிய எழுத்துகளை நன்றாக வாசிப்பார்களாம், காலடியில் கிடப்பதுதான் தெரியாதாம். அதை வாசித்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி போனது.

என் மகள் மஹதிக்குப் பதினொரு வயது. அண்ணைக்குக் காலை ஷிப்ட் வருகிற கிழமைகளில் அவருடைய பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் போவாள். நாளை தொடங்குவது அப்படி ஒரு கிழமை. அவள் உயரத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் இறங்கிய கையோடு அந்த பஸ்ஸின் முகப்புக்கு முன்னாலேயே குறுக்கே பாய்கிறார்கள் என்று நானே நின்று பார்த்திருக்கிறேன். அவரிடம் கேட்டுவிட வேண்டும் என்று மூன்று கிழமையாக வாயெடுத்தேன். உங்களுக்குக் கண் தெரியவில்லையா என்று அந்த மனிதரிடம் எப்படிக் கேட்பது? இல்லையென்று சொல்வார், நான் தலையாட்டிவிட்டு வருவேன். வேறென்ன நடக்கும்?

கால்வாயை விட்டுத் தரவைக்கு ஏறினோம். ஹெதர் எல்லாம் பூ உதிர்ந்து கறுத்துக் கிடந்தது. மணல் பாதை அகலமாக, வெறுமையாகப் போனது. அண்ணை பிரேக் பிடித்து நின்றார்.

"அங்கை பார், மான்" என்றார்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் கை நீட்டிய திசையில் வெகுநேரம் பார்த்த பிறகுதான் வெளியின் அந்தக் கரையில், பட்ட செடிகளின் நிறத்திலேயே ஒன்று அசைந்தது. இந்தக் கண்ணையா சந்தேகப்பட்டேன் என்று என்மேலேயே கோபம் வந்தது. இன்றைக்கே நிச்சயமாகத் தெரிய வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. எல்லாம் அந்த மானால் வந்த வினை.

திரும்பவும் கால்வாய்க்கரைக்கு இறங்கிய சற்று நேரத்தில் அது கிடந்தது. கைத் தடிப்பில் ஒரு கிளை, பாதைக்குக் குறுக்கே, நனைந்து. பத்து மீட்டருக்கு முன்னமே கண்டேன். சொல்ல வாய் திறந்தது. மூடிக்கொண்டேன். விலகினால் அவரும் என் பின்சில்லைப் பார்த்து விலகிவிடுவார். ஆகவே நேரே போய், முன்சில்லைத் தூக்கி, கிளையைக் கடந்தேன்.

பின்னால் இரும்பு சரளையில் இழுபடும் சத்தம் கேட்டது. திரும்பி ஓடினேன். தண்ணீருக்கு ஒரு முழம் தள்ளி, இடது தோளைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். முன்சில்லு வளைந்திருந்தது. தூக்கி உட்கார வைத்தேன். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"நீ சொல்லேல்லை" என்றார்.

"காணேல்லை அண்ணை."

என் முகத்தையே பார்த்தார். முகங்கள் அவருக்கு நன்றாகத் தெரியும்.

"கண்டுதான் சில்லைத் தூக்கினனி."

நான் நினைத்தது சரிதான் என்ற நிம்மதி கொஞ்சம் வந்தது. அது வந்ததுதான் பெரிய வெட்கமாக இருந்தது.

"எப்ப இருந்து அண்ணை?"

"போன மார்கழி. லைசன்ஸ்காரருக்கு அறிவிக்கச் சொல்லி டொக்டர் சொன்னவர்."

"அக்காவுக்குத் தெரியுமோ?"

"ஒருத்தருக்கும் தெரியாது." தோளை அசைக்கப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "பஸ்ஸிலை உயரத்திலை இருக்கிறன். கண்ணாடியள் இருக்கு. அந்த ரோட்டிலை எனக்கு ஒவ்வொரு கிடங்கும் பாடம்."

"மஹதி உங்கடை பஸ்ஸிலை வாறவள்."

"ஓம். ஏறின உடனை 'மோர்னிங் மாமா' எண்டுவாள்." வளைந்த சில்லை வலது கையால் தொட்டுப் பார்த்தார். "நீ என்னட்டைக் கேட்டிருக்கலாம்."

"கேட்டா சொல்லியிருப்பியளோ?"

"மாட்டன். எண்டாலும் கேட்டிருக்கலாம்."

அம்புலன்ஸுக்குப் போன் அடிக்கவா என்றேன், வேண்டாம் என்றார். என் கழுத்துத் துணியை அவிழ்த்து அவர் கையைத் தூக்கிக் கட்டினேன். கட்டும்போது, "நாளைக்கு பஸ் எடுக்காதேங்கோ" என்றேன்.

"இந்தக் கையோடை என்னண்டு எடுக்கிறது? ஆறு கிழமைக்கு உன்ரை பிள்ளைக்குப் பயமில்லை."

"அதுக்குப் பிறகு?"

அவர் எழுந்து நின்றார்.

புரூக்வுட் ஸ்டேஷனுக்கு இரண்டு மைல். என் சைக்கிளை ஒரு கையால் உருட்டி, அவருடையதை முன்பக்கம் தூக்கி மற்றக் கையால் இழுத்துக்கொண்டு, வழக்கம்போல் முன்னால் போனேன். இருபது அடி போயிருப்போம். "வேர்" என்று தொடங்கினேன்.

"நீ பின்னாலை வா" என்றார்.

நின்றேன். என்னைக் கடந்து முன்னால் போனார். தூறல் மழையாகிவிட்டது. ஒவ்வொரு அடிக்கும் வலது சப்பாத்தை முதலில் நீட்டி, நிலத்தைத் தொட்டுப் பார்த்து, பிறகுதான் உடம்பை அதன்மேல் கொண்டுபோனார். பத்து நிமிடத்தில் நூறு மீட்டர்கூடப் போகவில்லை. நான் இரண்டு சைக்கிள்களோடும் பின்னால் போனேன். பாதையின் நடுவில் கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும் கிடங்கு ஒன்று, மழைத்தண்ணீர் நிரம்பி, கால்வாயோடு ஒன்றாகத் தெரிந்தது. என் வாய் திறந்தது. அவருடைய கால் அதற்கு மேலே நீண்டு, நிலத்தைத் தேடிக்கொண்டு, அந்தரத்தில் நின்றது.