இடது பக்க நட்டுகள்

என் வீட்டுக்காரரும் என் தம்பியும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை. பேசாதவர்கள் ஆளுக்கொரு மூலையில் கிடந்து தொலைய வேண்டியதுதானே? அதுவும் கிடையாது. லீவு நாள் அதுவுமாக, வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தி, இருவரும் சேர்ந்து அதன் முன் பம்பரைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். நடுவில் தூது போகிற வேலை எனக்கு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். என்னைவிட மத்தளம் பரவாயில்லை, அதற்குக் காது கிடையாது.

அவர் செல்போன் கோபுரங்களில் ஏறிப் பழுது பார்க்கிறவர். பாதிக் கோபுரங்கள் மலைக்கு மேலே, பாதை என்று சொல்ல முடியாத பாதையில். போன மழையில் ஜீப் சேற்றில் புதைந்து, போனும் எடுக்காமல், மனுஷன் இருக்கிறாரா போய்விட்டாரா என்று தெரியாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு நான்தான் நச்சரித்து வின்ச் வாங்க வைத்தேன். மோட்டார் வைத்த உருளை அது. அதில் சுற்றியிருக்கும் இரும்புக் கயிற்றை ஒரு மரத்தில் மாட்டிப் பட்டனை அழுத்தினால், வண்டி தன்னைத்தானே சேற்றிலிருந்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

வின்ச்சைத் தாங்க வண்டியின் முன்னால் கனமான இரும்புப் பிளேட் ஒன்று பொருத்த வேண்டும். தம்பிக்கு வெல்டிங் பட்டறை. பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும், அக்கா புருஷன் வண்டிக்கு வேறொருத்தன் செய்வதா என்கிற ரோஷத்தில் அவனே பிளேட்டை வெட்டித் துளை போட்டுக் கொண்டுவந்துவிட்டான்.

சண்டை என்ன பெரிய சண்டை! அவனுக்குப் பேசி முடித்த பெண் வீட்டார் இங்கே சாப்பிட வந்திருந்தார்கள். இவர் விளையாட்டாக, "இவன் முறுக்கின நட்டை நான் ஒரு தடவை திரும்ப முறுக்கினாத்தான் எனக்குத் தூக்கமே வரும்" என்று சொல்லிவிட்டார். பொய்யும் இல்லை. தம்பி எதைச் செய்தாலும் பின்னாலேயே ஸ்பேனரோடு போவது இவர் பழக்கம். எல்லாரும் சிரித்தார்கள். வருங்கால மாமனார் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார். தம்பி பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினான். அன்றைக்கு மூடிய வாய்தான்.

"உன் தம்பிய அந்தப் பக்கம் தூக்கிப் பிடிக்கச் சொல்லு."

"டேய், தூக்கிப் பிடிக்கணுமாம்."

"பிடிச்சுட்டுதான் இருக்கேன். உன் வீட்டுக்காரருக்குக் கண்ணு தெரியலையான்னு கேளு."

"ஏங்க, பிடிச்சுட்டுதான் இருக்கானாம்."

எதைச் சொல்ல வேண்டும், எதை விழுங்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி ஆகியிருந்தது.

ஆனால் காலையிலிருந்தே எனக்குப் பயம்தான். நான் எலும்பு முறிவு வார்டில் நர்ஸ். "சின்ன வேலைதான் சிஸ்டர், ஒரு நிமிஷத்துல இப்படி ஆயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களின் கைகளைத்தான் தினமும் பார்க்கிறேன். இவர் அத்தனை உயரம் ஏறுவது அந்த இரண்டு கைகளை நம்பி. நாங்கள் சாப்பிடுவதும் அவற்றை நம்பித்தான். அந்தக் கைகள் ஜாக்கி மேல் நிற்கிற ஜீப்புக்கு அடியில் போய்ப் போய் வந்தபோது, ஒவ்வொரு முறையும் விரல்களை எண்ணிக்கொண்டேன். சிரிக்காதீர்கள். உண்மையாகவே எண்ணினேன்.

பிளேட் உட்கார்ந்தது. நட்டுகளை முதலில் கையால் இரண்டு சுற்று ஏற்றிவிட்டு, பிறகுதான் ஸ்பேனரால் இறுக்குவார்களாம். வலது பக்கம் இவர், இடது பக்கம் அவன். இவர் வலது பக்கத்தை முகம் சிவக்க இறுக்கிவிட்டு எழுந்தார்.

"நம்ம பக்கம் முடிஞ்சுது. உன் தம்பிகிட்ட சொல்லு."

சொன்னேன். அவன் "ம்" என்றான். அப்புறம் வின்ச்சைத் தூக்கி வைத்தார்கள், பேட்டரிக்கு ஒயர் இழுத்தார்கள், ஜாக்கியை இறக்கினார்கள். யாருக்கும் கை போகவில்லை. அப்பாடா என்று பெருமூச்சு விட்டேன்.

எங்கே விட்டார்கள்? இரும்புக் கயிறு உருளையில் தளர்வாகச் சுற்றியிருக்கக் கூடாதாம். முழுக்க அவிழ்த்து, எதிரே காம்பவுண்டு ஓரத்து மரத்தில் கொக்கியை மாட்டி, வண்டி முரண்டு பிடிக்கப் பிடிக்க இழுத்துச் சுற்ற வேண்டுமாம். தம்பி வண்டியில் ஏறி இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டான். இவர் முன்னால் இடது பக்கமாகக் குந்திக்கொண்டு, வலது கையில் ரிமோட், இடது கையில் தோல் உறை, கயிறு வரிசை பிசகாமல் விழுகிறதா என்று குனிந்து பார்த்தார்.

"ஏங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன்!"

"தள்ளி நின்னா எப்படித் தெரியும்? நீ உள்ள போ. உன்னப் பாத்தாத்தான் எனக்குப் பயமா இருக்கு."

போனேன். அடுப்பில் பால் வைத்திருந்தேன். ஜன்னல் வழியாக மோட்டாரின் முனகல் கேட்டது. இரும்புக் கயிறு விறைக்கும்போது ஒரு சத்தம் வருகிறது. பல்லைக் கடிப்பது போல. அதைக் கேட்காமல் இருக்க, காலையிலிருந்து நான் சுமந்த செய்திகளை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். தூக்கச் சொல்லு, தூக்கியாச்சு. ஒயர் சிவப்பா கறுப்பா, சிவப்பு. வலது பக்கம் முடிஞ்சுது, ம்.

இடது பக்கம்?

இடது பக்கம் முடிஞ்சுது என்று யாரும் சொல்லவில்லை. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வார்த்தை போனால் அது என் வழியாகத்தான் போயாக வேண்டும். என் வழியாகப் போகவில்லை. அடுப்பை அணைத்தேனா இல்லையா தெரியாது, செருப்பில்லாமல் வாசலுக்கு ஓடினேன்.

"ஏங்க! இடது பக்கம் இறுக்கியாச்சா?"

இன்ஜின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. குனிந்த தலை நிமிரவில்லை. கட்டை விரல் பட்டனிலேயே இருந்தது. நான் ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டு தம்பியிடம் கத்தினேன்.

"டேய், இடது பக்கம் நட்ட இறுக்கினியா?"

"நானா? அவர் வந்து..."

அவ்வளவுதான் வந்தது. அவன் முகம் வெளிறிப்போனதை என் கண்ணால் பார்த்தேன். அவன் பார்வை பிரேக்குக்குப் போயிற்று, பிறகு கண்ணாடி வழியாக முன்னால் குந்தியிருந்தவருக்குப் போயிற்று. எனக்கும் புரிந்தது. பிரேக்கை விட்டால் வண்டி உருண்டு அவர் மேல் ஏறும். விடாவிட்டால் இழுப்பு அத்தனையும் இரண்டு சுற்று மட்டும் ஏறிய அந்த நட்டுகளின் மேல். எதைச் செய்தாலும் அவர்தான்.

தம்பி ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டித் தொண்டை கிழியக் கத்தினான்.

"மாமா! பட்டன விடுங்க மாமா!"

அந்தக் குரல் அவருக்குக் கேட்டது. நிமிர்ந்தார். நகரவில்லை. யார் நம்மைக் கூப்பிட்டது என்பது போல அவனையே பார்த்தார். இத்தனை நாள் பேசாதவன் கூப்பிட்டுவிட்டான் என்று, கடவுளே, அவர் முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது. கட்டை விரல் பட்டனை விட்டு எழவில்லை.

படீரென்றது. பிளேட்டின் இடது பக்கம் வின்ச்சோடு பிய்த்துக்கொண்டு முன்னால் வீசியது. அவர் பக்கவாட்டில் போய் விழுந்தார். ரிமோட் எங்கோ தெறித்தது. மோட்டார் நின்றுவிட்டது. யாரோ அலறுகிறார்களே என்று பார்த்தால் நான்தான்.

அலறியவளை ஓரங்கட்டிவிட்டு என்னுள் இருந்த நர்ஸ் போய் உட்கார்ந்தாள். தலையில் அடியில்லை. நெஞ்சு ஏறி இறங்குகிறது. இடது கை முழங்கைக்கு மேலே, மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியிருந்தது. தம்பி இன்ஜினை அணைத்து ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு ஓடிவந்து, அவர் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டான்.

"மாமா, நீங்க வழக்கம்போல வந்து திரும்ப முறுக்குவீங்கன்னு விட்டுட்டேன் மாமா. நான் எப்படி முறுக்கினாலும் முறுக்குவீங்களே, அந்த வீம்புலதான்..."

அவர் கண்ணை மூடியபடியே பேசினார். வலியில் வார்த்தை விட்டு விட்டு வந்தது.

"உன் பக்கத்துல நான் ஸ்பேனர வச்சா... மறுபடியும் உனக்கு மனசு கஷ்டமாயிடும்னுதான்டா... தொடாம விட்டேன்."

பாவிகளா! இதை இரண்டு பேரும் என்னிடம் சொல்லியிருந்தால் ஆகாதா? எத்தனை வாய் வார்த்தை சுமந்தேன், இந்த ஒன்றைச் சுமக்க மாட்டேனா? கோபம் வந்த வேகத்தில் அழுகை வந்தது, அதற்கும் நேரமில்லை. ஜாக்கிக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்த மரப்பலகையை வைத்து, என் துப்பட்டாவைக் கிழித்து, கையை அசையாமல் கட்டினேன். பிறகு, எலும்போடு நரம்பும் போயிருக்கிறதா என்று பார்க்க, வார்டில் எல்லாரிடமும் கேட்பதைக் கேட்டேன்.

"விரல நீட்டி மேல தூக்குங்க. அஞ்சு விரலையும்."

"ம்."

"தூக்குங்க."

"தூக்கிட்டுதானே இருக்கேன்."

நான் கையைப் பார்த்தேன். மணிக்கட்டு துவண்டு தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு விரலும் எழவில்லை. தம்பியும் பார்த்தான். அவன் வாயைத் திறக்கப் போனான், நான் அவன் தோளை அழுத்திப் பிடித்தேன்.

"தூக்கிட்டேன்ல? அசையுதுல்ல?" என்றார் கண்ணைத் திறக்காமல்.

"அசையுதுங்க," என்றேன். "டேய், போய்ப் பக்கத்து வீட்டுல காரு கேளு. ஓடு."