செருப்புக் கால்

"கழட்டுடி செருப்பை!"

மாமியார் போட்ட சத்தத்தில் முன்னறைத் தையல் மெஷின் நின்றுவிட்டது. முன்னறை மகனின் தையற்கடை, அதற்குப் பின்னால் வீடு. சமையலறை வாசலில் மருமகள் புது ரப்பர் செருப்போடு, கையும் களவுமாகப் பிடிபட்டவள்போல நின்றாள்.

"டாக்டரம்மாதான் வீட்டுக்குள்ளயும் போடச் சொன்னாங்க அத்தை. சர்க்கரையில கால் மரத்துப்போச்சாம்."

"அவங்க வீட்டுல அவங்க எப்படி வேணா திரியட்டும். என் வீட்டுக்குள்ள செருப்பு வந்ததா சரித்திரமே இல்ல."

சரித்திரம் அப்படி. நடப்பு வேறு மாதிரி இருந்தது. தையற்காரர் வீட்டில் குண்டூசிக்கா பஞ்சம்? போன வாரம் ஒன்று அவள் குதிகாலில் ஏறி, அவளோடு சேர்ந்து சமைத்து, துவைத்து, பொழுது சாயும்வரை குடித்தனமே நடத்தியிருக்கிறது. அவளுக்குத் தெரியவில்லை. கண்டுபிடித்தது மாமியார்தான். "ஐயையோ, தரையெல்லாம் ரத்தம்! இப்பதானேடி துடைச்சே?" என்று பதறினாள். தரைமேல் அந்த அம்மாளுக்கு அவ்வளவு பாசம்.

வெறுங்காலோடு இருக்காதே, தினமும் காலையில் வீதியில் வேகமாக நட, சர்க்கரை இறங்காவிட்டால் காலுக்கு நான் பொறுப்பில்லை என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். வீட்டுக்குள் செருப்பு கூடாது, வீதியில் பெண் கூடாது என்பது குடும்பத்தின் கொள்கை. இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், வைத்தியம் செய்துகொள்ள அவளுக்கு மிஞ்சிய இடம் வாசற்படி ஒன்றுதான்.

கழுத்தில் அளவு நாடாவோடு மகன் பஞ்சாயத்துக்கு வந்தார்.

"உடம்பும் முக்கியம், பண்பாடும் முக்கியம். ரெண்டையும் அனுசரிச்சுதான் போகணும். நீ இங்கயே நட. கூடத்துல ஆரம்பிச்சுப் பின்வாசல் வரைக்கும்."

"செருப்பு?"

"பாத்து நட."

உடம்புக்கும் பண்பாட்டுக்கும் அவர் அளவெடுத்துத் தைத்த சட்டை அது. போட்டுக்கொள்ள வேண்டியது மட்டும் அவள்.

நடந்தாள். "சும்மாதானே நடக்கறே, அந்தத் தண்ணியக் கொண்டா" என்பாள் மாமியார். "நடையோட நடையா இந்தப் பொத்தானையும் தெச்சுடேன்" என்பார் கணவர். நடந்துகொண்டே எப்படிப் பொத்தான் தைப்பது என்று அவளும் கேட்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை.

அடுத்த முறை டாக்டரம்மாவிடம் போனபோது கணவரும் கூட வந்தார். பதில் சொல்ல ஆள் வேண்டுமே.

"நடக்கறீங்களாம்மா?"

"ஜோரா நடக்கறா டாக்டர். வீதியிலதான். செருப்பைக் கழட்டறதே இல்ல" என்றார் அவர்.

டாக்டரம்மா அவளைப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். கையில் மெல்லிய நைலான் இழை.

"உள்ளங்காலைத் தொடுவேன். தொட்டா சொல்லுங்க."

மின்விசிறி சுற்றியது. வெளியே ஏதோ குழந்தை அழுது ஓய்ந்தது. அவள் காத்திருந்தாள்.

"ஆரம்பிக்கலாம் டாக்டர். நான் தயார்."

"முடிச்சுட்டேன்மா."

அவள் கண்ணைத் திறந்தாள். தன் காலைப் பார்த்தாள். யாரோ இரவல் கொடுத்த கால்போல அது அங்கே கிடந்தது.

"அவர் சொன்னது பொய் டாக்டர்" என்றாள் மெதுவாக. "நான் வீதிய மிதிச்சதே இல்ல. செருப்பு பரண்மேல இருக்கு."

கணவர் சிரித்துப் பார்த்தார். இருமிப் பார்த்தார். இரண்டும் எடுபடவில்லை.

"இருக்கற காலையாவது காப்பாத்திக்கணும். காலா, கௌரவமா? வீட்டுல பேசி முடிவு பண்ணுங்க" என்றார் டாக்டரம்மா.

வீட்டில் பேசினால் என்ன முடிவாகும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் பேசவில்லை. மறுநாள் விடிந்ததும் ஸ்டூல் போட்டு ஏறிச் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டாள். சரித்திரம் காணாத சத்தம் கூடத்தில் சரக் சரக்கென்று கேட்டது.

மாமியார் கதவை மறித்தாள்.

"கல்யாணமான பொம்பளை காலங்காத்தால தனியா எங்க போறான்னு யாராவது கேட்டா நான் என்னடி சொல்றது?"

"எனக்குக் காலை எடுத்தப்புறமும் நாலு பேர் கேப்பாங்கல்ல அத்தை? அப்போ சொல்றதுக்குன்னு ஏதாவது யோசிச்சு வெச்சிருப்பீங்க. அதையே சொல்லுங்க."

மாமியாரின் கை கதவிலிருந்து தானாக நழுவியது.

சில வாரங்கள் கழித்துச் சட்டைக்கு அளவு கொடுக்க வந்த ஒருவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். "உங்க வீட்டம்மாவ தினமும் பாக்கறேன். என்ன வேகம்!"

தையற்காரர் நாடாவைச் சுண்டி நிமிர்ந்தார். "நான்தான் சார் அனுப்பறேன். பொம்பளைங்களைப் பூட்டிவைக்கற குடும்பம் இல்ல நம்மளுது."

"ஆமாமா" என்று உள்ளிருந்து ஒத்து ஊதினாள் மாமியார்.

அவளுக்கு எதிரே செருப்புக் காலை நீட்டி உட்கார்ந்து சட்டைப் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த மருமகள், பல்லால் நூலைக் கடித்துத் துப்பினாள்.