சத்தமில்லாத தையல்

மருமகளுக்குப் பகலில்தான் கொஞ்சம் கண் அசந்தது. அதனால் தையல்காரர் மிஷினைத் துணி போட்டு மூடிவிட்டு, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து கையால் தைத்துக்கொண்டிருந்தார். காலமெல்லாம் மிதித்தே பழகிய கால்கள் வேலை இல்லாமலும் தரையில் தாமாக ஆடிக்கொண்டிருந்தன.

மடியில் விரிந்து கிடந்தது போர்வை. கடையில் மிஞ்சிய பிட்டுத் துணிகளை ஒட்டி, நடுவில் பஞ்சு வைத்து, ஓட்டுத் தையலாகப் போட்டுக்கொண்டே வந்தார். யாரோ ஒரு மாப்பிள்ளையின் சட்டை, யாரோ ஒரு சிறுமியின் முதல் சீருடை. எல்லாம் யாருடைய நல்ல நாளிலிருந்தோ விழுந்த துண்டுகள். பஞ்சுக்கு நடுவில் இன்னொன்றும் இருந்தது. பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று அவர் தைத்து வைத்திருந்த கையகலப் போர்வை. ஆஸ்பத்திரியிலிருந்து மருமகள் வெறுங்கையோடு வந்த அன்று அதை எடுத்து ஒளித்தார். தூக்கிப் போட மனம் வரவில்லை. கண்ணில் படும்படி வைக்கவும் முடியவில்லை. இப்படி உள்ளே வைத்துத் தைப்பது சரிதானா, அவளிடம் சொல்வதா வேண்டாமா என்பதும் தெரியவில்லை.

ஊசியில் புது நூல் கோக்கும்போதெல்லாம், "ஆண்டவனே, அந்தப் பொண்ணுக்குத் தூக்கம் கொடு" என்று முணுமுணுப்பார். துக்கத்தையே எடுத்துக்கொள் என்று கேட்க அவருக்குத் துணிவில்லை. ஒரு மதியத் தூக்கம் கேட்கலாம் என்று நினைத்தார்.

"மிஷினை வச்சுக்கிட்டு எறும்பு ஊர்ற மாதிரி தச்சிட்டிருக்கீங்க. இது முடியறதுக்குள்ள குளிரே போயிரும்" என்று ஆரம்பத்தில் அவர் மனைவி கேலி செய்தாள். அவர் மருமகளின் அறைக் கதவைக் காட்டினார். அன்றிலிருந்து அவளும் சமையல் மேடையில் பழைய துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல்தான் பாத்திரங்களை வைக்கிறாள்.

அன்று மதியம் வெயில் ஜன்னல் வழியே வந்து மடியில் படுத்துக்கொண்டது. அவருக்குக் கண் சொக்கியது. கை மட்டும் நிற்கவில்லை. நூலின் மறுமுனையை மிகச் சிறிய விரல் ஒன்று பிடித்துக்கொண்டு, இழுக்க இழுக்க விட்டுக் கொடுப்பதுபோல் இருந்தது. அந்த விளையாட்டு முடிந்துவிடக் கூடாதே என்று தைத்துக்கொண்டே போனார்.

கதவு திறந்தது. மருமகள் நின்றாள். உட்கார இடம் கொடுக்க அவசரமாக எழுந்தார். போர்வை முழுவதும் அவரோடு எழுந்தது. மிஷினில் துணிக்கு அடியில் பலகை இருக்கும். மடி இருப்பதை அவர் மறந்துவிட்டார். ஒரு வரிசை முழுக்க லுங்கியோடு சேர்த்துத் தைத்திருந்தார்.

"என்ன மாமா, உங்களையும் சேத்துத் தச்சுட்டீங்களா?"

பல நாள் பேசாத குரல், பிசிறடித்தது. ஆனால் உதட்டோரம் ஏதோ அசைந்தது.

"இத்தனை வருஷம் தொழில் பண்ணி இதுதாம்மா கத்துக்கிட்டேன்" என்றார்.

"உக்காருங்க. ஆடாம இருங்க. நான் பிரிச்சு விடறேன்."

தரையில் அமர்ந்து, சின்னக் கத்தரியால் ஒவ்வொரு தையலாக வெட்டினாள். யாருக்கு இது என்று கேட்டாள். உனக்குத்தான் என்றார். கத்தரி கொஞ்ச நேரம் நின்றது.

"சின்னதா ஒன்னு வச்சிருந்தீங்களே, மாமா. அது எங்க?"

"இதுக்குள்ளதாம்மா இருக்கு. பஞ்சோட பஞ்சா. வேணாம்னா சொல்லு, பிரிச்சுடறேன்."

அவள் உள்ளங்கையால் போர்வையை மெல்லத் தடவிக்கொண்டே போனாள். ஓரிடத்தில், கொஞ்சம் தடித்திருந்த இடத்தில், கை நின்றது. அங்கே கன்னத்தை வைத்தாள். முதலில் தோள் குலுங்கியது. பிறகு அதுவும் அடங்கி, மூச்சு சீராக வரத் தொடங்கியது.

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி காலடிச் சத்தம் கேட்காமல் திரும்பிப் போனாள். பாதி பிரிந்த தையலோடு, பாதி கட்டுண்டவராக அவர் உட்கார்ந்திருந்தார். வெயில் மடியிலிருந்து இறங்கிச் சுவரில் ஏறியது. தரையில், காலமெல்லாம் மிதித்துப் பழகிய அந்தக் கால்கள் இரண்டும் ஆடாமல் இருந்தன.